ஓடும் நிலையில் மூன்று

பூட்டு உடைப்பவர் பத்து மணிக்கே வந்துவிட்டார். உடைக்கச் சொல்ல வேண்டிய கோர்ட் அமீனாதான் வரவில்லை.

இறக்கியிருந்த ஷட்டருக்கு முன்னால் தன் பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு பூட்டுக்காரர் பூட்டைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றிருந்த அவளைப் பார்த்தார். மறுபடியும் பூட்டைப் பார்த்தார்.

"அக்கா, இந்தப் பூட்டை நான்தான் வித்தேன்னு நினைக்கிறேன்."

"யாருக்கு?"

"உங்க வீட்டுக்காரருக்கு."

"வீட்டுக்காரர் இல்லை. தீர்ப்பாகி ரெண்டு வருஷமாச்சு."

"சரி, அவருக்குத்தான். போன மாசம் வந்தாரு. உடைக்க ரொம்ப நேரம் ஆகிற பூட்டு எதுன்னு கேட்டாரு. நானும் திருட்டுக்குப் பயந்த மனுஷன்போலன்னு இருக்கிறதுலயே நல்லதா எடுத்துக் குடுத்தேன். என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன் பாருங்க."

அவள் சிரித்துவிட்டாள்.

மழை வருவதுபோலவே இருந்தது, வரவில்லை. காற்று அசையாமல் நின்றது. தெருவில் எல்லாரும் ஏதோ ஒரு சாக்கில் இந்தப் பக்கமாக ஒருமுறை நடந்துவிட்டுப் போனார்கள். அவள் அதற்குப் பழகியிருந்தாள். இந்தக் கடையில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து தைத்தவள். இவர்களில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

அவளுடைய பழைய கணவரைத் தெருவில் மிஷின்காரர் என்பார்கள். தையல் மிஷின் பழுதுபார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தீர்ப்பில் வீடு அவருக்கு, கடையிலிருந்த மூன்று மிஷின்களும் வெட்டும் மேஜையும் அவளுக்கு என்று எழுதியிருந்தது. வீட்டை அவர் அந்த வாரமே எடுத்துக்கொண்டார். மிஷின்களைத் தரமாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதுதான் சிரமம். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "நாளைக்கு வந்து எடுத்துக்கச் சொல்லுங்க" என்பார். நாளைக்குப் போனால் சாவி தொலைந்திருக்கும். அடுத்த தடவை காய்ச்சல். அதற்கடுத்தது, வண்டியை மட்டும் அனுப்பினால் எப்படி, எடுப்பவள் வர வேண்டாமா என்று கேள்வி. அவளே போனாள், அன்றைக்குக் கடைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு மனுப் போட்டு, ஏழு வாய்தா நடந்து, ஏழிலும் நீதிபதிக்கு முன்னால் அவர் கைகட்டி நின்று, "தரலாம்ங்க, எனக்கென்ன" என்றார். எட்டாவதில் நீதிபதியே பொறுமை இழந்து, பூட்டை உடைத்து எடுத்துக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார்.

அந்த இரண்டு வருஷமும் அவள் ஒரு கம்பெனியில் கூலிக்குத் தைத்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு விளிம்பு மடித்துத் தைக்கும் வேலை. இன்னொருத்தியின் உயரத்துக்கு வைத்த ஸ்டூல். மிஷின் பாதத்தைத் தூக்க, இன்னொருத்தியின் முழங்காலுக்கு வளைத்த கம்பி. ஆறு மாதத்துக்கு முன் பக்கத்துத் தெரு மாடியில் ஓர் அறை பிடித்தாள். மூன்று இடத்தில் பிளக் வைத்தாள். தரையில் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டாள். ஒன்றாம் தேதிக்குள் மிஷின் ஓடினால் விரிப்புகளை நேராக உன்னிடமே தருகிறேன் என்று ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் சொல்லியிருந்தார். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள். சாயங்காலம் வேலை முடிந்து போய் அந்த வெறும் அறையில் சிறிது நேரம் நின்றுவிட்டு வருவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. கட்டங்களை மிதிக்காமல் நடப்பாள்.

"அண்ணி!"

நாத்தனார் பேக்கரி உடுப்போடு, கையில் பன் பொட்டலத்தோடு வந்தாள். விவாகரத்தானபின்னும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். ஒருமுறை இவள், "இன்னும் என்ன அண்ணி?" என்று கேட்டதற்கு, "கோர்ட்ல அண்ணனைத்தானே பிரிச்சு விட்டாங்க, என்னை யாரும் கூப்பிட்டுக் கேக்கலையே" என்றாள்.

"லீவா போட்டே?"

"அரை நாள். அடுப்பை அவங்களே பாத்துக்கட்டும். அமீனா வரலையா?"

"வரலை. உங்கண்ணன்?"

"காலையில தலை வாரிக்கிட்டு கிளம்புச்சு. எங்கன்னு கேட்டா காத்து வாங்கப் போறேங்குது. இன்னிக்கு எங்க இருக்கு காத்து?"

பதினொன்றுக்குப் பக்கமாக அமீனா வந்தார். கோர்ட்டுக் கட்டளையைக் கையில் கொண்டு வருபவர் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லாத, மெலிந்த, குடை பிடித்த மனிதர். குடையை மடக்கி, கோப்பைத் திறந்து, கண்ணாடியை மாட்டி, "உடைங்க" என்றார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பூட்டுக்காரர் அடிக்கு அடி தன் சரக்கைத் தானே புகழ்ந்துகொண்டார். "எப்படி நிக்குது பாருங்க! வேற யாருதாவது இருந்தா இந்நேரம்…" கடைசியில் அது விட்டுக்கொடுத்தது. ஷட்டர் கத்திக்கொண்டே மேலே போனது.

உள்ளே எண்ணெய் வாசனையும் பஞ்சு வாசனையும் அப்படியே இருந்தன. மூன்று மிஷின்களும் இருந்தன. ஆனால் மூன்றும் மல்லாந்து கிடந்தன. வயிறு காலி. துணியை நகர்த்தும் பல், கீழ்நூல் சுற்றும் ஷட்டில், நூலை இறுக்கும் வில், எல்லாவற்றையும் கழற்றியிருந்தார். கீழே மூன்று சாக்கு. சுவரில் ஒரு அட்டை: சர்வீஸ் நடக்கிறது.

நாத்தனார்தான் முதலில் வாய் திறந்தாள். "படுபாவி."

அமீனா பட்டியலைப் படித்தார். "'ஓடும் நிலையில் மூன்று தையல் மிஷின்கள், மோட்டாருடன்.' அம்மா, இது ஓடுமா?"

"இப்ப ஓடாதுங்க."

"அப்ப நான் ஒப்படைச்சேன்னு எழுத முடியாதும்மா. பொருள் இருந்தது, சொன்ன நிலையில இல்லைன்னுதான் எழுதணும். நீங்க மறுபடி மனுப் போடணும்."

"இப்படியே எடுத்துக்கிட்டா?"

"எடுத்துக்கலாம். பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போடுவீங்க. அதோட இந்த மனு முடிஞ்சிரும். நாளைக்கு ஒரு பல்லைக் காணோம், ஒரு வில்லைக் காணோம்னா யாரையும் கேக்க முடியாது."

அவள் வக்கீலம்மாவுக்கு போன் போட்டாள். ஓடும் நிலையில் என்ற வார்த்தையைப் போராடி உத்தரவில் ஏற்றியது அந்த அம்மாதான். அவளுடைய நல்லதுக்காகத்தான் ஏற்றினார்.

"கையெழுத்து மட்டும் போட்டுராதே," என்றது போன். "அவர் வசமா மாட்டிக்கிட்டார். நஷ்டஈடு கேப்போம்."

"எத்தனை நாளாகும்மா?"

"ஆறு மாசம். எட்டுன்னு வச்சுக்கோ."

போனை வைத்துவிட்டு அவள் நடு மிஷினின் மேஜையோரத்தில் கைவைத்து நின்றாள். கோபம் வருமென்று எதிர்பார்த்தாள். அதைவிட மோசமான ஒன்று வந்தது: எவ்வளவு சரியாகச் செய்திருக்கிறார் என்ற எண்ணம். உடைத்திருந்தால் குற்றம். பிரித்து வைத்தால் சர்வீஸ். இந்த வித்தியாசம் அவருக்குத்தான் தெரியும். அவளால் ஒன்றாகச் சேர்க்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருக்கிறார். இரண்டு வருஷமாக அவள் காலை விழித்ததும் நினைப்பது அவர் இன்று என்ன செய்வார் என்பதைத்தான். கூட இருந்தபோதுகூட அவரைப் பற்றி இவ்வளவு நினைத்ததில்லை.

சாக்கு ஒன்றில் கையை விட்டாள். குளிர்ந்த இரும்பு. எண்ணெய்ப் பிசுக்கு. பிறகு விரலில் துணி தட்டியது.

வெளியே எடுத்தாள். நீலக் கட்டம் போட்ட துணித்துண்டில் சின்ன முடிச்சு. அவிழ்த்தால் திருகாணிகள். பெரியவை, சிறியவை, எல்லாம் துடைத்து எண்ணெய் தடவியவை.

இன்னொரு சாக்கில் வெள்ளை முடிச்சு. மூன்றாவதில் சிவப்பு.

கல்யாணமான புதிதில் ஒரு திருகாணி தொலைந்து அரைநாள் தரையைக் கூட்டித் தேடினார்கள். அதற்குப் பிறகு அவள்தான் ஒவ்வொரு மிஷினின் திருகாணிகளையும் ஒவ்வொரு துண்டுத்துணியில் முடிந்து கொடுப்பாள். ஜன்னலோர மிஷினுக்கு நீலக் கட்டம், நடுவிலிருப்பதற்கு வெள்ளை, சுவரோரத்துக்குச் சிவப்பு. வன்மத்தோடு உட்கார்ந்து பிரித்த ராத்திரியிலும் அந்தக் கை தன்பாட்டுக்குத் துண்டுத்துணி தேடி முடிந்திருக்கிறது. நிறம்கூட மாறவில்லை.

"எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?" என்று அமீனாவைக் கேட்டாள்.

"அஞ்சு மணி வரைக்கும் இந்தக் காகிதத்துக்கு உயிர் இருக்கும்மா. எனக்கும்."

"அப்ப உக்காருங்க."

நாத்தனார் வாயைப் பிளந்தாள். "அண்ணி, உங்களுக்கு இதெல்லாம் வருமா?"

"தெரியலை."

அது உண்மை. பிரித்ததை அவள் ஒருநாளும் தனியாகப் பூட்டியதில்லை. மிஷினைச் சாய்த்து அவர் கீழே படுத்துக்கொள்வார். அவள் மேலே நின்று கைச்சக்கரத்தைத் தன் பக்கமாக மெல்லச் சுற்றுவாள். ஊசி கீழே போய், அடியைத் தொட்டு, ஒரு மயிரிழை மேலே வரும்போது ஷட்டிலின் கூர்முனை ஊசியின் காதைத் தாண்ட வேண்டும். அந்த நொடியில் கீழேயிருந்து குரல் வரும்: நிறுத்து. அவள் நிறுத்துவாள். அவர் இறுக்குவார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் அதிகம் பேசிய வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

கீழே என்ன நடக்கும் என்று அவளுக்குப் பார்க்க வாய்த்ததில்லை. ஆனால் அந்தக் குரல் வரும்போது சக்கரம் எங்கே நின்றது என்று அவள் கட்டைவிரலுக்குத் தெரியும்.

"கீழே படுத்துத் திருகாணி இறுக்க ஒரு ஆள் வேணும்," என்றாள்.

பூட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அமீனாவிடம் கொடுத்துவிட்டு, "உடைக்கிறதுக்குக் கூப்பிட்டாங்க, பூட்டவும் சொல்றாங்க. நல்ல நாளு," என்று தரையில் படுத்தார்.

முதல் மிஷினுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பல்லைத் தலைகீழாக மாட்டிக் கழற்றினார்கள். வில்லை மாட்டும்போது அது துள்ளிப் போய் அமீனாவின் கோப்பில் விழுந்தது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து, தடயம்போல நீட்டினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஷட்டர் தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை.

"இப்பவா?" என்று பூட்டுக்காரர் கீழிருந்து கத்தினார்.

"இல்லை. பேசாம இருங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சக்கரத்தைச் சுற்றினாள். ஊசி இறங்குவது கையில் தெரிந்தது. கனம் கூடி, அடியில் ஒரு சின்னத் தயக்கம், பிறகு கனம் குறைந்தது. சக்கரத்து விளிம்பிலிருந்த பழைய கீறல் கட்டைவிரல் நகத்தடியில் வந்து நின்றது.

"இப்ப. இறுக்குங்க."

"இறுக்கியாச்சு."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இறுக்குனா இது பூட்டு ஆயிரும்க்கா."

மிஷினை நிமிர்த்தி, நூல் கோத்து, நாத்தனாரின் பேக்கரி ஏப்ரனின் நுனியை ஊசிக்கடியில் வைத்தாள். பெடலை அழுத்தினாள். முதல் நான்கு தையல் விட்டு விட்டு விழுந்தது. ஐந்தாவதிலிருந்து பிடித்தது. ஒரு சாண் தூரம் நேராக, கீழும் மேலும் ஒரே அளவாக.

நாத்தனார் ஏப்ரனைத் திருப்பிப் பார்த்தாள். "இதை நான் துவைக்கவே போறதில்லை."

அமீனா எழுந்து வந்து தையலைத் தடவிப் பார்த்தார். "என் வேலையில இது சேராது," என்றார். "இருந்தாலும் நல்லா இருக்கு."

பன்னும் டீயும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். எண்ணெய்க் கையால் தொடாமல் இருக்க நாத்தனார் ஒவ்வொருவருக்கும் பிய்த்து வாயில் கொடுத்தாள். அமீனாவுக்கு மட்டும் காகிதத்தில் வைத்துக் கொடுத்தாள்.

இரண்டாவது மிஷின் ஒரு மணி நேரத்தில் ஓடியது. மூன்றாவதைச் சாய்த்தபோதுதான் நாத்தனார் வெளியே பார்த்து, "வந்துட்டாரு காத்து வாங்கப் போனவரு," என்றாள்.

எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் மிஷின்காரர் நின்றிருந்தார். மழைக்கு ஒதுங்கியவர்போல இந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார். ஆனால் உடம்பு முழுக்க இந்தப் பக்கம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நனைந்த சட்டையில் அவர் இளைத்துத் தெரிந்தார். அவளுக்கு எப்போதும் அவரைப் பார்த்ததும் வரும் படபடப்பு வருகிறதா என்று ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. கையில் வேலை இருந்தது.

சிவப்பு முடிச்சை அவிழ்த்தாள். ஷட்டிலுக்கு மூன்று பொடித் திருகாணி வேண்டும். இரண்டுதான் இருந்தது.

"ரெண்டு போதாதாக்கா?"

"ஓடும். பத்து நாள்ல ஷட்டில் நழுவி ஊசியை உடைக்கும்."

"இன்னிக்கு ஓடினாப் போதும்மா, காகிதத்துக்கு," என்றார் அமீனா மெல்ல. மணி நாலே கால்.

"காகிதத்துக்குப் போதும்ங்க. படுக்கை விரிப்புக்குப் போதாது."

சாக்கைக் கவிழ்த்தார்கள். தரையைத் தடவினார்கள். நாத்தனார் மழையில் ஓடித் தாழ்வாரத்துக்குப் போய்க் கேட்பதும், அவர் கையை விரிப்பதும் தெரிந்தது. நனைந்து திரும்பி வந்தாள். "எனக்கென்ன தெரியும்ங்குது. எனக்கு அண்ணன்னு இதுவும் பொறந்ததே!"

அவள் நடுக்கடையில் நின்றாள். தேடுவதை விட்டுவிட்டு, அவர் கையாக இருந்தால் எங்கே போகும் என்று நினைத்தாள். பொடித் திருகாணியை அவர் துணியை நம்பி விடமாட்டார். சுவிட்ச் பலகைக்கு மேலே, அவருடைய கண் உயரத்தில், பழைய ரேடியோ ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தம் ஒன்று ஆணியில் தொங்கும். அவள் நுனிக்காலில் எம்பினாள். காந்தத்தின் பின்பக்கம் விரலை ஓட்டினாள்.

ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று.

அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவளுக்காக வைத்ததல்ல, அது நிச்சயம். அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்று வைத்ததும் அல்ல. திருகாணி தொலையக் கூடாது என்று வைத்தது, அவ்வளவுதான். இந்தக் கைகளை நம்பித்தான் அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். கைகளைப் பற்றி அவள் தப்பாக நினைக்கவில்லை. கைகளோடு மட்டும் குடித்தனம் நடத்த முடியவில்லை. இதை இவ்வளவு எளிதாகத் தனக்குள் சொல்லிக்கொள்ள இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூன்றாவது மிஷின் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தாழ்வாரத்து மனிதர் தலையைத் திருப்பினார். அதுவரை பார்க்காததுபோல நின்றவர் அப்போது பார்த்துவிட்டார்.

அமீனா பட்டியலில் மூன்று குறி போட்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு மிஷின்காரரின் கையெழுத்தை வாங்க அமீனா குடையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போனார். அவர் கையெழுத்துக்காகத்தானே இரண்டு வருஷம்.

அமீனா திரும்பி வந்தார். "கைவலியாம். போடமாட்டாராம்."

"ஐயோ. இப்ப என்ன பண்றது?"

"எதுவும் பண்ண வேண்டாம்மா." அவர் கோப்பை மடியில் வைத்து ஒரு வரி எழுதினார். "'கையொப்பமிட மறுத்தார்.' அவ்வளவுதான். முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. அவர் கையெழுத்து இதுக்கு வேண்டியதில்லை."

அவள் அந்த வரியைத் தலைகீழாகவே படித்தாள். இரண்டே வார்த்தை. அதற்குள் அவருடைய காய்ச்சல், தொலைந்த சாவி, சுண்ணாம்பு, எல்லாம் அடங்கிப்போயிருந்தன. அவள் ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்தாள். அது அவள் உயரத்துக்கு வைத்த ஸ்டூல். உட்கார்ந்ததும் உடம்புக்குத் தெரிந்தது.

மழை விட்டிருந்தது. வண்டி வந்தது. மேஜைகளை ஏற்றினார்கள். முதல் மிஷினைத் தூக்கிய வண்டிக்காரர் அதைப் பக்கவாட்டில் சாய்க்கப் போனார்.

"படுக்க வைக்காதேய்யா! எண்ணெயெல்லாம் கொட்டிரும்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மிஷின்காரர் தாழ்வாரத்திலிருந்து இரண்டடி இறங்கி, கையை நீட்டியபடி நின்றார். தான் கத்திவிட்டது அப்போதுதான் அவருக்கே உறைத்ததுபோல, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைத் தடவிக்கொண்டார்.

"கைவலி போயிருச்சாண்ணே?" என்று நாத்தனார் இங்கிருந்து கூவினாள்.

அவர் திரும்பி நடந்துவிட்டார். அவள் வண்டிக்காரரிடம், "நிமிர்த்தியே வைங்க. சரியாத்தான் சொன்னாரு," என்றாள்.

கிளம்புமுன் நாத்தனார் காந்தத்தைக் காட்டி, "இதையும் எடுத்துக்கலாமாண்ணி?" என்றாள்.

"வேண்டாம். பட்டியல்ல இல்லை. அது அவருக்கு வேணும்."

மாடி அறையில் விளக்குப் போடும் நேரத்தில் மூன்று மிஷின்களும் சாக்பீஸ் கட்டங்களுக்குள் நின்றன. நடு மிஷின் ஒரு விரற்கடை வெளியே நின்றது. பூட்டுக்காரர் முட்டுக்கொடுத்துத் தள்ளிவிட்டு, "ஏதாவது உடைக்கணும்னாச் சொல்லுங்க," என்று விடைபெற்றார். நாத்தனார் ஏப்ரனை மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். படியில் அவள் யாரிடமோ போனில், "அஞ்சாவது தையல்லயே பிடிச்சுக்கிச்சு தெரியுமா," என்று சொல்லிக்கொண்டு போவது கேட்டது.

அவள் ஜன்னலோர மிஷினில் உட்கார்ந்தாள். மாதிரிக்கு வாங்கி வைத்திருந்த விரிப்புத் துணியை எடுத்து, விளிம்பை மடித்து, ஊசிக்கடியில் வைத்தாள். பழக்கத்தில் சக்கரத்தை ஒருமுறை கையால் தன் பக்கம் சுற்றினாள். ஊசி இறங்கி, அடியைத் தொட்டு, ஒரு மயிரிழை மேலே வந்தது. கை தானாக நின்றது. காது ஒரு குரலுக்காகக் காத்திருந்தது.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கீழ்வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம்.

அவள் பெடலை அழுத்தினாள். துணி நகர்ந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் இரண்டே முக்கால் கஜம், அவள் நிறுத்தவேயில்லை.